கடைமடைக்கும் நட்பு: ஆட்டிசமுள்ள இளைஞரும் இணையமும்

தாமிரபரணிப் பாசனத்தில் உழவு செய்வோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். கார் சாகுபடிக்குக் கன்னடியன் கால்வாயில் நீர் திறந்த அன்றே எல்லா வயல்களும் நனைந்துவிடுவதில்லை. வாய்க்கால் தூர் எடுக்கப்பட்டு, மடைதோறும் அளவறிந்து திறந்தும் அடைத்தும் வந்தால்தான் கடைமடைக்கு நீர் சென்று சேரும். தானே சேரும் என்று விட்டுவிட்டால் சேராது. அவசரப்பட்டு மடையை உடைத்தாலோ பயிர் அழியும். நட்பும் ஏறக்குறைய அத்தகையதே. நம்மில் பெரும்பாலோர்க்குத் திண்ணையிலும் ஆற்றங்கரையிலும் பள்ளிக்கூடத்திலும் தானே வந்து வாய்த்த நட்பு, சில இளைஞர்களுக்குப் பிறர் வழி செய்து கொடுத்தாலன்றி வாய்ப்பதில்லை. அவர்களுள் ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றியும், இணையத்தின் வாயிலாக அவர்கள் ஆபத்தின்றி நட்புக் கொள்ள நாம் செய்யத்தக்க உதவிகளைப் பற்றியும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நகரத்தார் கவலை, நமக்கு ஏன் என்று பஞ்சாயத்து அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இக்கணக்கின்படி 5,000 மக்கள் வாழும் ஒரு பஞ்சாயத்தில் சுமார் 40 பேர் இருத்தல் கூடும். அவர்களுள் பலர்க்கு மருத்துவர் அப்பெயரைச் சொல்லியிருக்கமாட்டார். ‘ஒரு மாதிரியான பிள்ளை’, ‘யாரோடும் சேராதவன்’ என்று ஊரார் சொல்லும் பெயரே நிலைத்திருக்கும்.

ஆட்டிசம் என்பது யாது?

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்ட தன்மைகளை விவரித்து எழுதினார். ஆட்டிசம் பற்றிய இன்றைய அறிவு அதிலிருந்து வளர்ந்தது. தமிழில் இதனை ‘மதி இறுக்கம்’ என்று வழங்குகின்றனர். மூளையின் வளர்ச்சி பிறப்பிலேயே வேறு விதமாக அமைவதே இதன் அடிப்படை. இதில் பரம்பரைக் கூறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தாயின் வளர்ப்புக் குறையாலோ, தடுப்பூசியாலோ, தெய்வக் குற்றத்தாலோ இது வருவதன்று. தொற்றுவதும் அன்று. இதனை நோயென்று கருதி மருந்து தேடி அலைவதும் வீண் செலவே.

ஆட்டிசம் உள்ளவர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர். சிலர் பேசுவதே இல்லை. சிலர் பட்டம் பெற்று வேலை பார்க்கின்றனர். ஆயினும் சில தன்மைகளைப் பலரிடமும் காணலாம். முகக்குறிப்பையும் குரலின் ஏற்றத் தாழ்வையும் கொண்டு பிறர் உள்ளக் கருத்தை அறிதல் அவர்களுக்குக் கடினம். சொன்ன சொல்லைச் சொன்னபடியே பொருள் கொள்வர். கூட்டமும் மேளச் சத்தமும் அவர்களைத் துன்புறுத்தும். ஏதேனும் ஒரு பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டு அதைப் பற்றியே பேச விரும்புவர். பெண் பிள்ளைகளிடத்தில் இத்தன்மைகள் வெளிப்படையாகத் தெரியாமல், அடக்கமான குணம் என்றே கருதப்பட்டு, காலம் கடந்து அறியப்படுவதும் உண்டு.

அவர்கள் நட்பை விரும்பாதவர்கள் என்பது தவறான கருத்து. நட்பை விரும்பியும் அதற்குரிய வழி தெரியாமல் ஒதுங்கி நிற்பவரே பலர். வழி தெரியாமை அவர்கள் பக்கம் மட்டும் உள்ளதன்று என்று 2012ஆம் ஆண்டில் டேமியன் மில்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் எடுத்துக் காட்டினார். அவர் தாமே ஆட்டிசம் உள்ளவர். அவர்கள் நம்மைப் புரிந்து கொள்ளாதது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை நாம் அவர்களைப் புரிந்து கொள்ளாததும் என்பது அவர் கருத்து.

இக்கருத்தைச் சோதித்த ஓர் ஆராய்ச்சி 2020இல் வெளியாயிற்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 72 பேரை எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, ஒருவர் காதில் சொன்ன கதையை அடுத்தவர்க்குச் சொல்லச் செய்தனர். நம் பிள்ளைகள் ஆடும் காதோடு காது சொல்லும் விளையாட்டே இது. எல்லாரும் ஆட்டிசம் உள்ளவராக இருந்த வரிசையில் கதை, மற்றவர் மட்டுமே இருந்த வரிசையில் சென்ற அளவுக்குக் குறைவின்றிச் சென்றது. இரு சாராரும் கலந்திருந்த வரிசையில்தான் கதை மிகவும் தேய்ந்து போயிற்று. தம்மை ஒத்தவரோடு அவர்களால் நன்கு பேசிப் பழக முடியும் என்பது இதனால் விளங்கும். ஆனால் ஒரு சிற்றூரில் தம்மை ஒத்த மற்றொருவரை அவர்கள் எங்கே தேடுவது? இவ்விடத்தில்தான் இணையம் பயன்படுகிறது.

இணையம் தரும் நன்மை

‘பேனா நண்பர்’ என்னும் வழக்கம் முன்பு நம் பள்ளிகளில் இருந்ததைப் பெரியவர்கள் அறிவர். முகமறியாத ஒருவரோடு கடிதத்தால் நட்புக் கொண்டு, ஆண்டுக் கணக்கில் எழுதி வந்தோர் உண்டு. கடிதத்தில் கண்ணோடு கண் நோக்க வேண்டுவதில்லை. உடனே விடை சொல்ல வேண்டுவதில்லை. எழுதியதை மீண்டும் மீண்டும் படித்துப் பொருள் தெளியலாம். இன்று கைப்பேசியில் எழுதும் செய்திக்கும் இக்குணங்கள் உண்டு. ஆகவேதான் நேரில் நான்கு சொல் பேசத் தயங்கும் பிள்ளை, எழுத்தில் நாற்பது வரி எழுதுகிறது. மேலும், ஒரே பொருளில் ஈடுபாடு உடையவர் நூறு கல் தொலைவில் இருந்தாலும் இணையம் அவர்களைச் சேர்த்து வைக்கிறது.

கனடா நாட்டின் ஸ்டூவர்ட் டங்கன் என்பவர் ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தந்தையும் ஆவார். ‘மைன்கிராப்ட்’ என்பது கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டும் கணினி விளையாட்டு. அதில் பலர் கூடி ஆடும் பொது இடங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை மற்றவர் கேலி செய்து விரட்டுவதைக் கண்ட அவர், 2013ஆம் ஆண்டில் ‘ஆட்கிராப்ட்’ என்னும் தனி இடத்தை அமைத்தார். விண்ணப்பித்து ஏற்கப்பட்டவர் மட்டுமே அங்கு நுழையலாம். பொறுப்பான பெரியவர்கள் எந்நேரமும் மேற்பார்வை செய்வர். கேலிக்கு அங்கு இடமில்லை. வேலியும் காவலும் உள்ள இடத்தில் இப்பிள்ளைகள் தாமே கூடி விளையாடி நட்புக் கொள்வர் என்பதற்கு அது சான்று.

ஓர் ஊரில் நடந்தது

நம் பள்ளத்தாக்கின் ஓர் ஊரில் நான் கண்டதை இங்கே கூறுவது பயன்படும். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் வேண்டுவதில்லை. 19 வயது இளைஞர் ஒருவர், ஆட்டிசம் உள்ளவர். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பதை நாம் அறிவோம். அவரோ ஒவ்வொரு நாளும் நீர்மட்டம் எத்தனை அடி, மாஞ்சோலையிலும் நாலுமுக்கிலும் எத்தனை மில்லிமீட்டர் மழை என்பதைப் பல ஆண்டுகளாக நோட்டில் குறித்து வருபவர். ஊரில் அதைக் கேட்பார் இல்லை. கேட்டவரும் இரண்டு நாளில் நழுவிவிடுவர்.

இன்ஸ்டாகிராமில் முகமறியா ஒருவன் அவரைப் புகழ்ந்து எழுதினான். “மக்கா” என்று அழைத்தான். நாள்தோறும் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டான். மூன்று வாரம் சென்றபின், “என் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது; உன் கணக்குக்குப் பணம் வரும், எடுத்து நான் சொல்லும் ஆளிடம் கொடு; வீட்டில் சொல்லாதே, சொன்னால் நம் நட்பு முறிந்துவிடும்” என்றான். இளைஞர் சொன்னபடி செய்தார். வந்தது வேறொருவரை ஏமாற்றிப் பறித்த பணம். சில நாட்களில் வங்கி அக்கணக்கை முடக்கியது. போலீஸ் விசாரணைக்கு அழைப்பு வந்தது. கணக்குக்கு உரியவரையே சட்டம் முதலில் கேட்கும் அன்றோ? தாயார் பால் விற்றுச் சேர்த்த பணமும் அக்கணக்கில்தான் இருந்தது.

என்னிடம் யோசனை கேட்டு வந்த தாயாரிடம், கைப்பேசியைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். அது நன்மை என்றே அன்று கருதினேன். ஒரு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தார். “ஐயா, பணம் போனால் போகட்டும், பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டான், சோறும் இறங்கவில்லை, மழைக் கணக்கு நோட்டையும் தொடுவதில்லை” என்றார். கள்வன் அப்பிள்ளையிடமிருந்து பணத்தை எடுத்துக் கொண்டான். நட்பு என்னும் நம்பிக்கையை எடுத்தவன் நானும்தான் என்று அன்று உணர்ந்தேன். மறுகால் உடைந்தது என்று குளத்தையே தூர்த்துவிடுவார் உண்டோ? கரையை அன்றோ செப்பம் செய்ய வேண்டும்?

பின்னர், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், ஊர் நூலகர், இளைஞரின் அக்காள் ஆகியோர் சேர்ந்து செய்த முயற்சியைக் கண்டும் கேட்டும் நான் கற்றவையே கீழ்வரும் பாடங்கள்.

பாடம் 1: வீட்டின் படம்

‘கவனமாக இரு’, ‘ஆள் பார்த்துப் பழகு’ என்னும் அறிவுரைகளால் இவர்களுக்குப் பயனில்லை. எதைக் கவனிப்பது, ஆளில் எதைப் பார்ப்பது என்பது அதில் சொல்லப்படவில்லை. கண்ணால் காணத்தக்க அளவு தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டையே படமாக வரைந்து இதனைக் கற்பிக்கலாம்.

தெரு: முகமறியாத எவரும் நடக்கும் இடம். இங்கு நம் ஈடுபாட்டைப் பற்றி மட்டும் பேசலாம், புனைபெயர் போதும்.

திண்ணை: சில காலமாகப் பொதுக் குழுவில் நல்ல முறையில் பழகியவர் அமரும் இடம். நம் பெயரும் மாவட்டமும் சொல்லலாம்.

கூடம்: வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒரு முறையேனும் காணொளி அழைப்பில் கண்டு பேசிய நண்பர் வரும் இடம். ஊர்ப் பெயரும் சாதாரணப் புகைப்படமும் பகிரலாம்.

அடுக்களை: பெற்றோர், உடன்பிறந்தார். உடல்நலமும் வீட்டுச் செய்திகளும் இவர்களோடு.

பூட்டிய பெட்டி: ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஏ.டி.எம். அட்டை, ஓ.டி.பி. எண், கடவுச்சொல். இணையத்தில் அறிமுகமான எவருக்கும் இப்பெட்டி திறவாது. கூடம் வரை வந்த நண்பருக்கும் திறவாது. ஆடையின்றி எடுக்கும் படத்தையோ யாருக்கும் அனுப்புதல் இல்லை, எடுத்தலும் இல்லை.

நண்பர் ஒவ்வொருவரின் பெயரையும் சீட்டில் எழுதி, இப்போது அவர் எவ்விடத்தில் இருக்கிறார் என்று படத்தின் மேல் வைக்கச் சொல்ல வேண்டும். தெருவில் நிற்பவர் மூன்று நாளில் பெட்டிக்கு வழி கேட்டால், அது தவறு என்று பிள்ளை தானே கண்டு கொள்ளும்.

பாடம் 2: எழுதி ஒட்ட வேண்டிய ஐந்து விதிகள்

ஆட்டிசம் உள்ளவர் பலர், தெளிவான விதியை நம்மினும் உறுதியாகக் கடைப்பிடிப்பர். ஆகவே விதி சிலவாகவும் ஐயமற்றதாகவும் இருத்தல் வேண்டும். கீழ்க்காணும் ஐந்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கைப்பேசி வைக்கும் இடத்தில் ஒட்டலாம்.

1. பணம் கேட்பவனுக்கும், பணம் தருகிறேன் என்பவனுக்கும், என் கணக்கைக் கேட்பவனுக்கும் ‘இல்லை’ என்பதே விடை.

2. ‘வீட்டில் சொல்லாதே’ என்று ஒருவர் சொன்னால் அன்றே வீட்டில் சொல்வேன். அவ்வாறு சொல்பவர் நண்பர் அல்லர்.

3. உடலின் படத்தைக் கேட்பவரோடு பேச்சை நிறுத்துவேன்.

4. ‘இப்பொழுதே செய்’ என்று அவசரப்படுத்துவோர்க்கு ‘நாளை சொல்கிறேன்’ என்பேன்.

5. நேரில் சந்திக்கத் தனியே செல்லமாட்டேன்.

இரண்டாம் விதியே தலையாயது. வாக்குக் கொடுத்தால் காக்க வேண்டும் என்று நாமே பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோம். அதனைச் சொன்னபடியே கொள்ளும் இளைஞர், கள்வனுக்குக் கொடுத்த வாக்கையும் காத்து நிற்பர். நான் மேலே கூறிய இளைஞர் மூன்று வாரமும் வாய் திறவாமல் இருந்தது இதனால்தான். தீங்கை மறைக்கக் கேட்ட வாக்கு வாக்கே அன்று என்பதை ஐயமறக் கற்பிக்க வேண்டும்.

விதியைச் சொல்வதோடு நிறுத்தாமல் நடித்துப் பார்க்கவும் வேண்டும். அக்காள் கள்வனாக நடித்துச் செய்தி எழுத, தம்பி விடை எழுதிப் பழகலாம். ‘இல்லை’ என்று எழுதுவதே சிலர்க்குப் பெரும்பாடு. பத்து முறை எழுதிய கை பதினோராம் முறை தயங்காது.

பாடம் 3: பேச்சை வளர்க்கும் முறை

ஆபத்தைத் தடுப்பது பாதி வேலை. நட்பை வளர்ப்பது மறு பாதி. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக் கழகத்து லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் எலிசபெத் லாகெசன் என்னும் உளவியலாளர் வகுத்த ‘பியர்ஸ்’ பயிற்சியில், இளைஞரோடு பெற்றோரும் அமர்ந்து பயில்கின்றனர். நட்பின் நடைமுறைகளைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பது அதன் வழி. நாமும் அவ்வாறு செய்யலாம்.

முதலாவதாக, ஈடுபாடு ஒத்த குழுவில் தொடங்குக. தனி ஒருவரோடு தொடங்குதல் வேண்டா. மழைக் கணக்கு, பறவைகள், ரயில், கோலம், சதுரங்கம் எதுவாயினும் ஆகலாம். பொறுப்பாளர் உள்ள குழுவா என்பதைப் பெரியவர் முதலில் பார்த்தறிய வேண்டும்.

இரண்டாவதாக, முறை வைத்துப் பேசுதல். வாய்க்காலில் முறைப்பாசனம் உண்டு அல்லவா? நம் முறை முடிந்ததும் அடுத்தவர்க்கு விடுகிறோம். பேச்சிலும், நாம் ஒன்று சொன்னால் அடுத்து அவரை ஒன்று கேட்க வேண்டும். அவர் விடைக்குக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, விடை வராதபோது செய்ய வேண்டுவது. இரண்டு செய்திகளுக்கு விடை இல்லையெனில் மறுநாள் வரை மூன்றாவது அனுப்பலாகாது. விடை வராமை பகையும் அன்று. அவர் வயலிலோ வேலையிலோ இருக்கலாம். ‘இனி எழுத வேண்டா’ என்று ஒருவர் சொன்னால் அதனோடு நிறுத்திவிட வேண்டும். ஒரே பெண்ணுக்கு ஒரு நாளில் ஐம்பது செய்தி அனுப்பும் இளைஞர் தம் மனத்தில் குற்றமின்றி இருக்கலாம். பெறுபவர்க்கு அது அச்சமாகும், சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம். பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பதும் பாதுகாப்பின் பகுதியே.

ஒன்று நினைவிருக்கட்டும். மற்றவரைப் போல் நடிக்கச் செய்வது நம் நோக்கமன்று. நோக்கி நோக்கிப் பேசு, கையை ஆட்டாதே, அணைக்கட்டுப் பேச்சை விடு என்று வற்புறுத்தலாகாது. அணைக்கட்டுப் பேச்சைக் கேட்க விரும்பும் மற்றொருவரைத் தேடிக் கொடுப்பதே உதவி.

பாடம் 4: நேரில் சந்தித்தல்

இணைய நட்பு முதிர்ந்தால் நேரில் காண ஆவல் எழும். அதனைத் தடுக்க வேண்டா, முறைப்படுத்துக. முதலில் இரு வீட்டுப் பெரியவர்களும் காணொளியில் பேச வேண்டும். சந்திப்பு பகற்பொழுதில், பலர் வந்து போகும் இடத்தில், நம்பிக்கையுள்ள பெரியவர் உடனிருக்க நடைபெற வேண்டும். பேருந்து நிலையத்தின் இரைச்சல் இவர்களுக்கு ஆகாது. திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையம் போன்ற அமைதியான பொது இடம் ஏற்றது. போவது எப்போது, திரும்புவது எப்போது என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் மனம் கலங்காமல் இருப்பர்.

பாடம் 5: தீங்கு நேர்ந்தால்

முதற்கடமை, திட்டாமலிருத்தல். ஒரு முறை திட்டு வாங்கிய பிள்ளை மறுமுறை சொல்லாது. ‘சொன்னது நல்லது’ என்பதே நம் முதற்சொல்லாக இருக்கட்டும். கைப்பேசியிலுள்ள செய்திகளை அழித்துவிடலாகாது, அவையே சான்று. படத்தைக் காட்டி மிரட்டுவோனுக்குப் பணம் கொடுத்தலும் ஆகாது. கொடுத்தால் மேலும் கேட்பான்.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால் பணம் கைமாறும் முன் நிறுத்தக் கூடும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. மனக்கலக்கத்திற்கு யோசனை பெற 14416. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகாத நோக்கத்துடன் இணையத்தின் வாயிலாகப் பிள்ளையை மீண்டும் மீண்டும் தொடர்வதும் குற்றமே. பிள்ளையின் ஊனத்தைப் பயன்படுத்திக் கொண்டு செய்யும் பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை கடுமையானது. அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ‘ஊருக்குள் பேசி முடிப்போம்’ என்று எவரும் அதனை மறைத்தல் சட்டத்துக்கு மாறானது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர் நினைவில் வைக்க வேண்டும்.

மேற்பார்வையின் எல்லை

பெற்றோர் மகனறியாமல் அவன் கைப்பேசியைத் திறந்து படிப்பது நன்மை தராது. தெரிந்துவிட்டால், நம்பத்தக்கவர் எவரும் இல்லை என்று அவன் முடிவு கட்டிவிடுவான். வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், இருவரும் சேர்ந்து நண்பர் பட்டியலைப் பார்ப்பது என்று வெளிப்படையாக ஒப்பந்தம் செய்து கொள்வது மேல். வயது ஏற ஏற மேற்பார்வை குறைய வேண்டும். 18 வயது நிறைந்தவர் சட்டப்படி வளர்ந்தவர். ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகையினரையும் உள்ளடக்கிய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மற்றவர்க்கு ஒப்பான உரிமையை அவர்களுக்கும் உறுதி செய்கிறது. தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாதவர்க்குக் காப்பாளர் தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்டத்தில் அமைந்துள்ள உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இவ்வளவும் ஒரு தாய் தனியே செய்யக் கூடியதன்று. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். நம் பகுதிக்கு இதில் நல்ல மரபும் உண்டு. காது கேளாதோர்க்கும் கண் தெரியாதோர்க்கும் பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் எழுந்தன. கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஆய்க்குடி 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊனமுற்ற குழந்தைகளின் வீடு தேடிச் செல்லும் களப்பணியாளர்களை அச்சங்கம் பழக்கி, கைப்பேசி மென்பொருளையும் அப்பணிக்குத் துணையாக்கியது. கைப்பேசியும் வீடு தேடி வரும் மனிதரும் சேர்ந்தால்தான் பயன் என்பதே அப்பணி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

பஞ்சாயத்துகள் செலவின்றித் தொடங்கக் கூடியவை நான்கு. முதலாவது, ஐயமுள்ள பிள்ளைகளைத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் செய்தலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வாயிலாகத் தனித்துவ அடையாள அட்டை பெற்றுத் தருதலும். இரண்டாவது, ஊர் நூலகத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ வாரம் ஒரு மாலை, கூட்டமும் இரைச்சலும் இல்லாத நேரத்தை இவ்விளைஞர்க்கு ஒதுக்குதல். மூன்றாவது, இணையத்தில் ஐயம் எழுந்தால் கேட்கத்தக்க பெரியவர் இருவரைத் தேர்ந்து கொடுத்தல். ஒருவர் போதாதா எனின், போதாது. காவலரும் தவறக் கூடும். ஆகவே எப்போதும் இருவர். பூட்டிய அறையில் தனியே சந்திப்பு இல்லை. பெற்றோர் எந்நேரமும் வரலாம் என்பது விதியாக வேண்டும். நான்காவது, கிராம சபையில் இதனைப் பேசுதல். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தம் 2025 ஏப்ரலில் நம் சட்டப் பேரவையில் நிறைவேறியது. அவர்களைப் பற்றி அவர்களையே கேட்டு முடிவு செய்யும் வழக்கத்தை நாம் இப்போதே தொடங்கலாம்.

முடிவு

அவ்விளைஞரின் கணக்கு ஐந்து மாதம் கழித்தே விடுவிக்கப்பட்டது. அதற்குள் அவர் வீட்டின் படத்தை வரைந்து, ஐந்து விதிகளையும் தம் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். மழைக் கணக்கு எழுதுவோர் குழு ஒன்றை நூலகர் தேடிக் கொடுத்தார். அக்குழுவில் தேனி மாவட்டத்து இளைஞர் ஒருவர் வைகை அணையின் மட்டத்தை நாள்தோறும் எழுதுபவர். 71 அடி அணைக்காரரும் 143 அடி அணைக்காரரும் இன்று காலை தவறாமல் கணக்குப் பரிமாறிக் கொள்கின்றனர். ஆறு மாதம் தெருவிலும் திண்ணையிலும் இருந்தபின், இரு தாய்மாரும் காணொளியில் பேசிக் கொண்டபின், தேனி நண்பரின் சீட்டு கூடத்துக்கு வந்தது.

இடையில் ஒரு முறை வேறொருவன் அவரிடம் வங்கி எண் கேட்டிருக்கிறான். ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, கைப்பேசியை அக்காளிடம் கொண்டு போய்க் காட்டினாராம். பிசானத்திற்கு நாற்று விடும் முன் அணையில் எத்தனை அடி என்று ஊர் விவசாயிகள் இப்போது அவரைத்தான் கேட்கின்றனர். கேட்பார் ஒருவர் இருப்பது எத்தனை பெரிய செல்வம் என்பதை அவர் முகத்தில் நான் கண்டேன். உங்கள் ஊரிலும் அத்தகைய நோட்டு ஒன்று யாரும் படிக்காமல் கிடக்கக் கூடும். அதனைத் தேடிப் பாருங்கள்.

கிராம சபையில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் பஞ்சாயத்தில் யாரோடும் பழகாமல் வீட்டிலேயே இருக்கும் இளைஞர், இளம்பெண்கள் எத்தனை பேர்? அவர்களுள் மருத்துவப் பரிசோதனை பெற்றவர் எத்தனை பேர்?

2. அவர்கள் ஒவ்வொருவர்க்கும் விருப்பமான பொருள் எது? அதனை யாரேனும் கேட்டதுண்டா?

3. இணையத்தில் ஏமாற்றம் நேர்ந்தால் நம் ஊரில் அச்சமின்றிச் சென்று சொல்லத்தக்க இருவர் யாவர்?

4. 1930, 1098, 14416 ஆகிய எண்கள் பஞ்சாயத்து அலுவலகத்திலும் நூலகத்திலும் எழுதி வைக்கப்பட்டுள்ளனவா?